எடைக்கு எடை வெல்லம்

கோகிலவாணிக்குத் தன் ஓரகத்தி கண்ணகியின் மேல் இருந்த பொறாமைக்கு ஐந்து வயது. மலையடிவாரத்துப் பெருமாள் கோயிலில், எடைத் தராசுக்குப் பக்கத்தில், ஒரு புரட்டாசி சனிக்கிழமையன்று அது பிறந்தது. அதற்கு முன்னாலும் சின்னச் சின்ன எரிச்சல்கள் இருந்தன. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்களுக்குள் இல்லாத எரிச்சலா? யார் வைத்த குழம்பை வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள், யாருடைய புடவையை அடுத்த தெருக்காரி தொட்டுப் பார்த்தாள் என்கிற அளவில் அவை வந்து போய்க்கொண்டிருந்தன. தராசுக்கு அப்புறம் வந்தது மட்டும் போகவே இல்லை.

கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பங்களில் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் அந்தப் பெருமாளுக்கு எடைக்கு எடை வெல்லம் வேண்டிக்கொள்வார்கள். கோயில் மண்டபத்து உத்திரத்தில் பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டில் பிள்ளை உட்காரும். மறு தட்டில் வெல்ல உருண்டைகளை அடுக்குவார்கள். முள் நேராக நின்றதும் பூசாரி மாயவன் எத்தனை மணங்கு என்று கூவிச் சொல்லிவிட்டுச் சங்கு ஊதுவார். மணங்கு என்றால் பதினோரு கிலோவும் கொஞ்சமும். வெல்ல மண்டியில் அதுதான் கணக்கு, பெருமாளுக்கும் அதுவே கணக்கு.

அன்றைக்குக் கண்ணகியின் மகன் தீனதயாளன் தட்டில் உட்கார்ந்தான். அவனுக்கு ஐந்து வயது. கன்னம் இரண்டும் பணியாரம் போல உப்பியிருக்கும். மணிக்கட்டில் கயிறு கட்டினாற்போல மடிப்பு. "ரெண்டு மணங்கு!" என்று மாயவன் கூவினார். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோயிலில் அத்தனை எடை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூட்டம் கோவிந்தா போட்டது. வந்தவள் போனவள் எல்லாம் அவன் கன்னத்தைக் கிள்ளி விரலை முத்திக்கொண்டார்கள். கண்ணகி ஒன்றுமே தெரியாதவள் மாதிரி நின்றாள். அப்படி நிற்கத் தெரிந்ததுதான் கோகிலவாணிக்கு இன்னும் எரிந்தது.

அடுத்தது அவளுடைய முறை. இடுப்பில் கலையரசன், இரண்டு வயது, மாந்தமும் காய்ச்சலும் தின்று போட்டது போக மிச்சம் இருந்தவன். நெஞ்செலும்பைத் தள்ளி நின்றே பார்க்கலாம். பிழைத்தால் போதும் என்று அவளும் இதே வேண்டுதலைத்தான் வேண்டியிருந்தாள். அவள் தட்டுக்குப் பக்கத்தில் போனபோது நாத்தனார் ஆயம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஒம் புள்ளைக்கு எதுக்குடி தராசு? பூசாரி உள்ளங்கையில வெச்சிப் பாத்தே சொல்லிடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணகியும் சிரித்தாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. ஆயம்மாளின் வாயைக் கோகிலவாணி அன்றைக்கே மன்னித்துவிட்டாள், அது யாரையும் விட்டுவைக்காத வாய். கண்ணகியின் அந்தக் கையை அவளால் மன்னிக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்பறமா போட்டுக்கலாம்" என்று சொல்லி, கொண்டுவந்த வெல்லக் கூடையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதை எடை பார்க்காமல் திருப்பி எடுத்துப் போன முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

அன்றிலிருந்து அவள் மகனுக்குச் சோறு போடவில்லை, மூட்டை கட்டினாள். விடிந்ததும் பச்சை முட்டை. அது இறங்குவதற்குள் ஹார்லிக்ஸ், ஸ்பூன் நட்டால் நிற்கிற கெட்டியில். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் நெய்ச் சோறு. ஆலை ஓடுகிற மாதங்களில் கொப்பரையிலிருந்து வழித்த சூட்டுப் பாகு. மலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் பலாவில் முதல் பழம் இவள் வீட்டுக்கு. புருஷன் சின்னதுரை கள்ளக்குறிச்சிக்குப் போனால் பேக்கரி கிரீம் பன் இல்லாமல் வாசற்படி மிதிக்க முடியாது. ஒரு தடவை மறந்துவிட்டேன் என்று வந்து நின்றவன், செருப்பைக் கழற்றாமல் மறுபடி பஸ் ஏறினான்.

பிள்ளை போதும் என்று தலையை ஆட்டினால் அவளிடம் ஒரு மந்திரம் இருந்தது. "ஆ காட்டு கண்ணு. அண்ணன ஜெயிக்கணும் இல்ல? அம்மாவுக்கோசரம் ஒரு வாயி. ஆ..." பிள்ளை வாயைத் திறப்பான். உள்ளே போனதும் அவள் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே அவன் மெல்லுவான்.

ஊட்டியது உடம்பில் தங்க வேண்டுமே, அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது. வாய்க்காலில் இறங்கக்கூடாது. "கரைஞ்சிடப் போறடா" என்பாள். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அதற்கும் அப்பன் வண்டியில் உட்கார்ந்துதான் போக வேண்டும். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பச்சைக்குதிரை தாண்டும்போது கலையரசன் வாசலில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்து யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

ஐந்து வயதில் அவனை ரகசியமாக வெல்லக் கிடங்குத் தராசில் ஏற்றிப் பார்த்தாள். தீனாவின் அந்த இரண்டு மணங்கு வரவில்லை. சரி, இந்த வருஷம் வேண்டாம் என்று தள்ளினாள். ஆறு வயதில் அதைத் தொட்டுவிட்டான். ஒரு வயது கூடுதலாக எடுத்துக்கொண்டு சமமாக நிற்பதில் என்ன பெருமை என்று மறுபடி தள்ளினாள். பேசினவர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி எடை வேண்டும். பெருமாள் காத்திருந்தார். அவருக்கு என்ன, மலை இருக்கிறவரை இருப்பவர்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படி ஒரு போட்டி நடப்பதே கண்ணகிக்குத் தெரியாது. அவள் மகன் ஏழு வயதில் சதையை உதறிவிட்டு நெடுநெடுவென்று வளர ஆரம்பித்தான். மரம் ஏறினான், கோமுகி ஆற்றில் மதகிலிருந்து குதித்தான், சட்டைப் பொத்தான் ஒன்றும் மிஞ்சாமல் வீடு வந்தான். பணியாரக் கன்னம் போன இடம் தெரியவில்லை. அதைப் பார்த்துக் கோகிலவாணிக்கு ஒரு மாதம் தூக்கம் நன்றாக வந்தது. கண்ணகி வருத்தப்படுவாள் என்று காத்திருந்தாள். கண்ணகியோ, "கழுத, சோத்த போட்டா நின்னு துன்றதில்ல" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பும் கோகிலவாணியின் கணக்கில் ஏறியது.

ஏழாவது வயதில் கலையரசனுக்குப் படி ஏறினால் இரைத்தது. தூங்கும்போது குறட்டை விட்டான். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்தது. அழுக்கு என்று அவள் பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. சளி என்று கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மா சளியை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா குடுக்கற இவனுக்கு? இந்த வயசுக்கு இது ரொம்ப ஜாஸ்தி. இனிப்ப நிறுத்து. ஓடி ஆட வுடு. இப்பவே பாக்கலன்னா பின்னால சர்க்கர, நெஞ்சு வலின்னு இழுத்துக்கினு போவும்."

கோகிலவாணி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "பாத்தியா, டாக்டருக்கே வவுறு எரியுது" என்று சின்னதுரையிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடிக்கவில்லை. அத்தனை பெரிய கண் என்று உறுதியாயிற்று. கண்பட்டு இளைத்துவிடப் போகிறானே என்று அன்றைக்கு ஒரு கிரீம் பன் கூடுதலாகக் கொடுத்தாள்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் கிடங்குத் தராசில் அவன் மூன்று மணங்குக்கு மேலே போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். புரட்டாசி முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்தாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆயம்மாளுக்கு வெற்றிலை வைத்தே சொன்னாள். கடைசியாகக் கண்ணகியிடம், "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். நீங்க இல்லாத எப்படி?" என்றாள். கண்ணகி பார்க்காவிட்டால் அந்தத் தராசு எதற்கு?

அந்த வாரம்தான் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ஊர் ஆண்கள் எல்லாம் கோடாலியோடு கிளம்பினார்கள். கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. மரத்து மேலேயே உட்கார்ந்து, சாலையிலேயே உப்புமா கிண்டி, அங்கேயே துண்டை விரித்துப் படுத்தார்கள். ரேடியோ வேறு வேறு ஊர்ப் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. கண்ணகியின் புருஷன் ராஜாங்கம் வீட்டுக்கே வரவில்லை. சின்னதுரை வெள்ளிக்கிழமை சட்டை மாற்ற வந்தான்.

"ஒரு சக்கரம் உருளக் கூடாதுன்னு கட்டள. பஸ்சும் இல்ல, மாட்டு வண்டியும் இல்ல. ஒன் வேண்டுதல அடுத்த சனிக்கிழமைக்கு வெச்சிக்க."

"வெல்லத்த புதங்கெழமையே கோயில்ல எறக்கியாச்சி. ஊரெல்லாம் சொல்லியாச்சி. அதுக்குள்ள எம் புள்ள எளைச்சிட்டா?"

சின்னதுரை மகனைப் பார்த்தான். அவன் பாயில் சாய்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தான். "அவனா?" என்று கேட்டான். பிறகு, "பசங்க படிப்புக்கு எடம் கேட்டு அங்க ரோட்ல கெடக்கறோம், நீ தராசு தட்டுல எடம் புடிக்கற" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவள் காதில் அது ஏறவில்லை.

சனிக்கிழமை காலையில் வாய்க்கால் கரை வழியாக நடந்தார்கள். பஸ்ஸில் போனால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் வந்துவிடுகிற கோயில், நடந்தால் நாலு மைல். தெருவில் சொன்னவர்களில் பாதிப் பேர் நடை என்றதும் நின்றுகொண்டார்கள். ஆயம்மாள் வந்தாள், வேடிக்கையை விட மாட்டாள். கண்ணகி தீனாவோடு வந்தாள். அது போதும் என்று கோகிலவாணி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிரே கல்வராயன் மலை மழை பெய்த பச்சையில் நின்றது.

முதல் மதகு தாண்டுவதற்குள் கலையரசன் நின்றுவிட்டான். முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. வாயால் மூச்சு விட்டான்.

"இன்னாடா?"

"தொட ஒராயுதும்மா. எரியுது."

"அகட்டி வெச்சி நட. இதோ வந்துடும் கோயிலு."

அகட்டி வைத்து நடந்தான். தீனாவோ முன்னால் ஓடினான், திரும்பி ஓடி வந்தான், நாவல் மரத்தில் ஒரு கல் விட்டான், மறுபடி ஓடினான். இவர்கள் ஒரு தடவை நடக்கிற வழியை அவன் மூன்று தடவை ஓடினான். ஒவ்வொரு தடவை அவன் கடந்து போகும்போதும் கலையரசன் தலையைத் திருப்பிப் பார்த்தான். கோகிலவாணி அதைக் கவனித்தாள். ஓடி ஓடித்தான் குச்சியாகப் போனான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஏதோ முள் குத்தினாற்போல இருந்தது.

இரண்டாவது மதகில் பையன் உட்கார்ந்தேவிட்டான். கண்ணகி தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"கோகிலா, புள்ளைக்கு முடியல. நெஞ்சு எப்படி அடிச்சிக்குது பாரு. எங்க அம்மா வூடு இதோ இந்தப் பக்கந்தான். படுக்க வெச்சிட்டு, இன்னொரு சனிக்கிழம பாத்துக்கலாம்."

கோகிலவாணி பல நாள் காத்திருந்தது இதற்குத்தான். கண்ணகி ஆடிப்போயிருக்கிறாள், எடையைப் பார்க்க விடாமல் செய்யப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். வயிற்றுக்குள் சந்தோஷமாகக் கூட இருந்தது.

"ஏங்க்கா, எம் புள்ள தட்டுல ஏறினா ஒங்களுக்கு இன்னா கஷ்டம்?"

கண்ணகி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுந்து, கலையரசனின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை, ஓடுவதை நிறுத்திவிட்டுத் தீனா பிடித்துக்கொண்டான். அப்படியே கோயில் வந்து சேர்ந்தார்கள்.

பஸ் இல்லாவிட்டாலும் புரட்டாசி சனிக்கிழமை. அடிவாரத்து ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்களே மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். கோயில் வாசலில் வெல்லம், கற்பூரம் விற்கிற கடைகள் மட்டும் மறியலுக்காகப் பலகை போட்டு மூடியிருந்தன. மாயவன் தராசுச் சங்கிலியை இழுத்துப் பார்த்து, பையனைப் பார்த்து, மறுபடி சங்கிலியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதற்கே ஒரு சிரிப்பு எழுந்தது. பையனுக்குத் தட்டில் கால் தூக்கி வைக்க வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். தட்டு டங்கென்று தரையில் உட்கார்ந்தது.

உருண்டைகள் ஏறின. ஒரு மணங்கு. ஒன்றரை. இரண்டு என்றபோது கோகிலவாணி கண்ணகியை ஓரக்கண்ணால் பார்த்தாள். முள் அசையவில்லை. இரண்டரை. கூட்டம் நெருங்கி வந்தது. மூன்று. "யப்பா!" என்றாள் ஆயம்மாள், வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு பேச்சில்லாமல். கோகிலவாணியின் காதில் அது நாதசுரம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாயை மூடியிருந்த அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வாய் என்று கண்ணகியைக் கேட்க வேண்டும் போல இருந்தது.

மூட்டை காலியாயிற்று. மாயவன் சாக்கை உதறினார். கடைசித் தூளும் விழுந்தது. பையன் உட்கார்ந்த தட்டு இன்னும் தரையிலேயே இருந்தது.

"கொறையுதும்மா. இன்னும் அரை மணங்காவது வோணும்."

"ஆடியில எட போட்டுத்தானே கொண்டாந்தேன்..." என்றாள் கோகிலவாணி.

ஆடி போய் ஆவணியும் போயிருந்தது. போட்டிக்கு முன்னால் தேற்றுகிறேன் என்று அந்த இரண்டு மாதமும் அவள் இரட்டிப்பாகப் போட்டிருந்தாள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. யாரோ, "புள்ளைய பாதியா போடுங்கப்பா" என்றான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் தூணுக்குப் பின்னாலிருந்து, "வெல்ல மூட்ட! வெல்ல மூட்ட!" என்று கத்தினார்கள். கத்திய விதத்திலேயே தெரிந்தது, அது இன்றைக்குப் புதிதாக வைத்த பேர் இல்லை.

கலையரசன் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தான். "அம்மா, எறங்கிடறேம்மா" என்றான்.

"வேண்டுதலுக்கு ஒக்காந்த புள்ள, முள்ளு நிக்கறதுக்கு முன்னாடி எறங்கக் கூடாது" என்றார் மாயவன். "எறங்கினா இன்னிக்கி முடிஞ்சிது. இன்னொரு வருசம் பாத்துக்க வேண்டியதுதான்."

கடைகள் மூடியிருந்தன. வீடு நாலு மைல். கோகிலவாணி சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்போது கண்ணகி சொன்னாள்: "எங்க அம்மா வூட்ல வெல்லம் கெடக்குது. தீனா ஓடிட்டு வந்துடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எறக்கி வுட்டுடு கோகிலா. பெருமாளு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. புள்ள அழுவறான்" என்றாள்.

கண்ணகியின் பிறந்த வீட்டு வெல்லம்! அதைப் போட்டு நிரப்பித்தான் கண்ணகியை ஜெயிக்க வேண்டுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் முள் நிற்காமல் மாயவன் எடையைச் சொல்ல மாட்டார். சொல்லாத எடை எடையே இல்லை. அவள் மகனைப் பார்த்தாள், காலியான சாக்கைப் பார்த்தாள், ஆயம்மாளின் திறந்த வாயைப் பார்த்தாள்.

"எடுத்தாரட்டும்" என்றாள். மகனிடம், "அப்படியே ஒக்காரு கண்ணு. தோ, ஆச்சி" என்றாள்.

தீனா சட்டையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினான். கலையரசன் கண்ணைத் திறந்து, வயல் வரப்பு மேல் அண்ணனுடைய முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தான். அவன் அழுகை நின்றுவிட்டது. மரத்தின் பின்னால் முதுகு மறைகிறவரை கண் கொட்டவில்லை.

"அம்மா."

"இன்னா கண்ணு?"

"அண்ணன் மாதிரி ஓடணும்னா, அந்தத் தட்டுலேர்ந்து எத்தினி உருண்ட எடுக்கணும்?"

"பேசாத ஒக்காரு" என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தீனா தலையில் சாக்குச் சுமையோடு ஓடியே வந்தான். மாயவன் உருண்டைகளை அடுக்கினார். தட்டு மெதுவாக ஆடியது, பையன் கால் தரையை விட்டு எழும்பியது, முள் நின்றது. "மூணேமுக்கால் மணங்கு!" சங்கு முழங்கியது. கூட்டம் கோவிந்தா போட்டது. ஐந்து வருஷமாக அவள் காது காத்திருந்த சத்தம்.

கோகிலவாணி திரும்பிக் கண்ணகியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் இப்போது சுருங்கியிருக்க வேண்டும், கறுத்திருக்க வேண்டும். கண்ணகி அவளைப் பார்க்கவே இல்லை, முள்ளையும் பார்க்கவில்லை. கலையரசனின் நிக்கர் ஓரத்தில் கசிந்திருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தீனா நின்றான். சுமை இறக்கிய உடம்பு, வியர்வை ஓடியது, ஆனால் வாய் மூடியிருந்தது. மூச்சு சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. கோகிலவாணிக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த மூச்சு தன் பிள்ளைக்கு இல்லையே என்று எரிந்தது.

"பெத்தவ எறக்கும்மா" என்றார் மாயவன். முள் நின்றதும் தாய்தான் தட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்நிதிக்குப் போக வேண்டும். கண்ணகி அன்றைக்குத் தீனாவை அப்படித்தான் தூக்கிப் போனாள். கோகிலவாணி மகனின் அக்குளில் கை கொடுத்தாள். தூக்கினாள். வரவில்லை. புடவையை இறுக்கிச் செருகி, பல்லைக் கடித்து இன்னொரு தடவை தூக்கினாள். இடுப்பு விட்டுக்கொண்டதுபோல இருந்தது. கலையரசன் அம்மாவுக்கு உதவுகிற மாதிரி உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டான், மூச்சைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் வரவில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கோபித்துக்கொள்ளவாவது வந்திருக்கும். கண்ணகி மறுபக்கம் வந்து அவன் தொடைக்கு அடியில் கை கொடுத்தாள். இரண்டு பேருமாக இறக்கினார்கள். கண்ணகி அகல் விளக்கிலிருந்து எண்ணெய் தொட்டு, நிக்கரை ஒதுக்கி, தோல் உரிந்த இடத்தில் தடவினாள். பையன் எரிச்சலில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல பெரிம்மா" என்றான்.

மாயவன் குவியலிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, துளசி வைத்து, பிரசாதம் என்று கோகிலவாணியின் கையில் கொடுத்தார். அவள் பழக்கத்தில் ஒரு துண்டு உடைத்தாள். பழக்கத்தில் மகனின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். ஒரு வார்த்தை சொல்வதற்குள் பையன் வாயைத் திறந்தான். கண்ணில் தண்ணீர் காயவில்லை, மூச்சு இன்னும் அடங்கவில்லை, வாய் மட்டும் பெரிதாகத் திறந்து நின்றது.

அவள் கை அங்கேயே நின்றது.

"பசிக்குதாடா?"

திறந்த வாயோடு இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அப்பறம் ஏன் தொறந்த?"

"நீ ஊட்ட வந்தியே."

அவள் துண்டைக் கீழே இறக்கினாள். உருண்டையோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கலையரசன் இன்னும் வாயை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் வருகிற மலர்ச்சி வரவில்லை என்றதும் அவனுக்குப் பயமாகிவிட்டது.

"இன்னும் பெருசா தொறக்கட்டாம்மா?" என்று கேட்டான்.